மூன்று சக்கர முதலாளி

ஹட்டனில் ஒரு பையன் ஆட்டோ எடுத்துவிட்டால், "இனி அவன் யாருக்கும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை" என்று லயமே சொல்லும். தோட்டத்தில் துரை, கணக்கப்பிள்ளை, கங்காணி என்று தலைக்குமேல் மூன்று பேர். ஆட்டோவுக்கு லீசிங் கம்பனி ஒன்றுதான். முன்னேற்றம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் கொழுந்து குறைந்தால் தோட்டத்தில் அரைப்பேராவது போடுவார்கள். தவணை தவறினால் லீசிங்காரர் பாதி வண்டியை விட்டுவிட்டுப் போவதில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றதும் பழைய ஆட்டோவின் விலைகூட மலையேறியது. 2022இல் எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூஆர் முறை வந்தபோது ஆட்டோவுக்கு முதலில் ஒதுக்கியது வாரத்துக்கு 5 லீற்றர் பெற்றோல். மஸ்கெலியா ஏற்றத்தில் முதல் கியரில் முனகும் வண்டிக்கு அது வாய் நனைக்கக் காணாது.

சிவனொளிபாதமலை சீசன் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, டிசம்பர் போயாவிலிருந்து மே மாத வெசாக் வரை. ரயிலை விட்டு இறங்கும் கூட்டம் நல்லதண்ணிக்குப் போய்த்தான் ஆகவேண்டும். பஸ்ஸும் அங்கேதான் போகிறது. சீசன் முடிந்தபின் யாத்திரிகர்கள் வருவதில்லை, தவணை மட்டும் மாதம் தவறாமல் வருகிறது. கொழும்பில் அடுத்தவன் கடையில் நிற்பதற்கு இது எவ்வளவோ மேல் என்ற வாதத்துக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. ஸ்டாண்டில் சவாரியைவிட வண்டி அதிகமாக நிற்பதைப் பார்த்தால், வேறு யாரிடமும் இல்லை போலிருக்கிறது.