என் கையில போனது இன்னா?

வாடா பேராண்டி, உக்காரு. கும்மிடிப்பூண்டிக்குப் போற கம்பெனி பஸ் வர நேரம் கீது. அதுக்குள்ள அந்த போன்ல கீற ஆராய்ச்சியைப் படிச்சி முடிச்சிடு. இன்னாவாம், முப்பது எலிக்கு ஏதோ வேரு குடுத்தானாம், எலியெல்லாம் துள்ளிச்சாம், அதனால நாளையிலேருந்து நான் அந்த வேரை மெல்லணுமாம். பயோடெக் படிச்சவன் சொன்னா மறுக்க முடியுமா? வேரு குடுக்காத எலி துள்ளிச்சா இல்லையான்னு மட்டும் பார்த்துச் சொல்லு. போடலியா? சரி, விடு.

எலின்னு கேவலமா நெனைக்காத. நானே ஒரு எலிதான். 1968ல திருவள்ளூரைச் சுத்தி ஊர் ஊரா வந்து, வீட்டு வீட்டுக்கு ஆள் கணக்கு எடுத்தாங்க. டி.பி. வராம பி.சி.ஜி. ஊசி தடுக்குதான்னு பார்க்கணுமாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், அமெரிக்காக்காரன்னு பெரிய கூட்டு. 3,66,000 பேரை எழுதிக்கினு, 2,81,000 பேருக்குக் குத்தினாங்க. பாரீஸ் சரக்கு ஒண்ணு, டென்மார்க் சரக்கு ஒண்ணு. அதுலயும் அளவு கூடக் கொறச்சல். இன்னொரு புட்டியில மருந்தே கெடையாது. எது யாருக்குப் போச்சின்னு குத்தினவனுக்கும் தெரியாது, குத்திக்கினவனுக்கும் தெரியாது.

எனக்கு எது வந்துச்சோ, இன்னிக்கும் தெரியல. என் தோள்ல கீற தழும்பைப் பார்த்து இது பி.சி.ஜி.தான்னு உங்க பாட்டி சாதிப்பா. அம்மை குத்தின தழும்பும்மா அதுன்னு எங்கம்மா சாதிப்பாங்க. மாமியாரும் மருமகளும் எதுலதான் ஒத்துப் போனாங்க, இதுல ஒத்துப் போக!

குத்திட்டுப் போயிட்டானுங்கன்னு நெனைக்காத. 15 வருஷம் விடல. ரெண்டரை வருஷத்துக்கு ஒரு தபா ஊரையே அலசினாங்க. நெஞ்சைப் படம் புடி, சளியத் துப்பு. பொண்ணு குடுத்த சம்பந்தி கூட இத்தினி தபா வந்து நம்மள விசாரிச்சதில்ல.

கடைசில இன்னா ஆச்சி? 1979லயே மொத கணக்கு வந்துடுச்சி: நெஞ்சு டி.பி.ய இந்த ஊசி தடுக்கல. 15 வருஷக் கணக்கை 1999ல போட்டாங்க. பெரியவங்களுக்குப் பலன் இல்ல, புள்ளைங்களுக்கு 27 சதம். நம்ம மண்ணுலயும் தண்ணியிலயும் கீற வேற கிருமிங்க முன்னாடியே உடம்புல பழகிக் கெடக்கு, அதான் ஊசி எடுபடலன்னு சிலபேரு சொல்றாங்க. அந்தச் சண்டை இன்னும் தீரல. எனக்குப் புடிச்சது வேற. அத்தினி காசைக் கொட்டி, அத்தினி பேரு கையைக் குத்தி, கடைசில "தடுக்கல"ன்னு அச்சுல போட்டான் பாரு! உன் போன்ல வர்ற ஆராய்ச்சியில எது ஒண்ணாவது தோத்துப் போயிருக்கா? எல்லா வேரும் எல்லா நோயையும் ஜெயிச்சிக்கினே கீது.

நம்ம வீரராகவர் கோயில் கொளத்துல நோவு தீரணும்னு அமாவாசைக்கு அமாவாசை வெல்லம் கரைக்கிறாங்களே, நானும் கரைச்சிருக்கேன். குணமானவன் திரும்பி வந்து சொல்லுவான். ஆவாதவன் வந்து சொல்லி நீ கேட்டிருக்கியா? பெருமாள் கிட்ட கணக்கு நோட்டு கேக்கறது தப்பு, கேக்கல. உன் போன் பெருமாளா?

இதுல ஒரு வயித்தெரிச்சல் கீது. கையைக் குடுத்தது நாம, பேரு வாங்கினது செங்கல்பட்டு. அப்போ மாவட்டம் அதுதானே. திருவள்ளூர் தனி மாவட்டமானது 1997ல. உலகம் பூரா புஸ்தகத்துல "செங்கல்பட்டு சோதனை"ன்னு படிக்கிறான். அந்த ஊர்க்காரன் எவனாவது காலரைத் தூக்கினா சொல்லு, என் தோளைக் காட்டறேன்.

அதுக்குன்னு உங்க அக்கா கிட்டப் போயி கொழந்தைக்கு ஊசி வேணாம், தாத்தா சொன்னாருன்னு வெச்சிடாத. பொறந்ததும் போடற பி.சி.ஜி., பச்சப் புள்ளைக்கு மூளைக்குப் போற டி.பி.ய நல்லாவே தடுக்குது. எனக்கு உதவாதது அதுக்கு உதவும்.

அது சரி, பேசறப்பவே லொக்கு லொக்குன்னு இருமிக்கினு கீறியே, ரெண்டு வாரம் தாண்டிடுச்சில்ல? சர்க்கார் ஆஸ்பத்திரியில காசு வாங்காம சளி பார்க்கிறாங்க. படிக்காத எங்க கூட்டமே டப்பாவுல துப்பிச்சி. பொண்ணு பார்க்கிற நேரத்துல எவனாவது பார்த்துடுவானோன்னு லேப்ல வேலை செய்யிற நீ வெக்கப்படற. பஸ் வருது பாரு, ஏறு. சாயந்தரம் டப்பா வாங்கினு வரலன்னா, பொண்ணு வீட்டுக்கு நானே போன் பண்ணுவேன்.