பொட்டா, எண்ணா? கல்யாணப் பத்திரிகையை முன்வைத்து எச்டிஎம்எல் பட்டியல் பற்றிய ஓர் ஆராய்ச்சி

எச்டிஎம்எல்லில் பட்டியல் மூவகைப்படும்: யூஎல், ஓஎல், டிஎல். மூன்றுக்கும் ஒரே ஏட்டில் சான்று கிடைக்குமோ எனின், கிடைக்கும்; கல்யாணப் பத்திரிகையைக் காண்க.

மாப்பிள்ளை அழைப்பு, நிச்சயதார்த்தம், முகூர்த்தம் என்னும் நிகழ்ச்சி நிரல் ஓஎல். முறை மாறினால் கல்யாணம் கெடும் ஆதலின், உலாவி தானே 1, 2, 3 என எண்ணிடும். நடுவில் நலங்கைச் செருகினால் பின்னுள்ள எண்களை அதுவே திருத்திக்கொள்ளும். மணமகன், மணமகள் என்று சொல்லிக் கீழே படிப்பையும் பெற்றோரையும் விவரிப்பது டிஎல். அதன் உட்குறிகள் இரண்டுமே தமிழில் டிடி என்று வருவதால் இவ்வாய்வு அங்கே நுழையவில்லை.

எஞ்சியது யூஎல்: 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்பதன் கீழ் நிற்கும் பெயர்கள். இங்கே எண் கிடையாது, வெறும் பொட்டுதான். பொட்டு வைத்தால் முன்பின் முக்கியமில்லை என்பது நூலோர் கொள்கை. பெரிய மாமா இதை ஏற்பதில்லை. மூன்றாவது பொட்டில் தம் பெயரைக் கண்டவர் மண்டபத்துக்கு வந்தாலும் பந்திக்கு வரமாட்டார்.

எச்டிஎம்எல்லை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1991இல் தொகுத்த குறிகளில் யூஎல் உண்டு, ஓஎல் இல்லை. 1995இல் வந்த எச்டிஎம்எல் 2.0 தரநிலையில் இரண்டும் உண்டு. இதைக் கொண்டு, வரிசைக் கவலை மனிதருக்குப் பிற்காலத்தில்தான் வந்தது என்பர் ஒரு சாரார். அவர்கள் பத்திரிகை அடித்ததில்லை.

உறவினர் ஒவ்வொருவரும் எல்ஐ என்னும் ஓர் உருப்படிக் குறிக்குள் அடங்குவர். சித்தப்பா பிள்ளைகளைக் கிளைப்பட்டியலாகத் தரவேண்டுமானால், சித்தப்பாவின் எல்ஐயை மூடுமுன்பே உள் யூஎல்லைத் தொடங்கி முடித்துவிட வேண்டும். மூடியபின் எழுதினால் பிள்ளைகள் தகப்பனில்லாமல் நிற்பார்கள். திரையில் என்னவோ எல்லாம் சரியாகவே தெரியும், வினையே அதுதான். பொட்டின் வடிவமோ முதல் நிலைக்கு நிறைந்த வட்டம், இரண்டாவதற்கு வெற்று வட்டம், மூன்றாவதற்குச் சதுரம். நான்காம் தலைமுறைக்கும் அதே சதுரம்தான். உலாவிக்கு அதற்குமேல் உறவுமுறை தெரியாது.

எண்களும் தமிழில் வேண்டும் என்பார்க்குச் சிஎஸ்எஸ்ஸில் வழி உண்டு. பட்டியல் பாணிக்கு ஆங்கில எழுத்தில் 'தமிழ்' என்று கொடுத்தால் ௧, ௨, ௩ என வரும். பத்தாவது மட்டும் ௰ ஆகாமல் ௧௦ என்றே நிற்கும். மரபறிந்த தாத்தா அதற்கும் ஒருமுறை கோபித்துக்கொள்வார்.

ஆகவே, புதிதாகக் கற்போரே, நிரலுக்கு ஓஎல் போடுங்கள், பெயர்களுக்கு யூஎல் போடுங்கள். ஆனால் முதல் எல்ஐயில் யார் பெயர் வரவேண்டும் என்று வீட்டுப் பெரியவரை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுதுங்கள்.