பொய்ச் சண்டை, மெய்ப் படம்

யார் வீட்டுக்குப் போனாலும் தண்ணீர் வாங்கிக் குடிப்பதற்கு முன்னால் ரிமோட்டைக் கேட்கிற மனிதர் ஒருவர் ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு பக்கம் தெருவுக்குத் தெரு இருக்கிறார். பெயர் பாஸ்கராகவும் இருக்கும், பாஷாவாகவும் இருக்கும். வயது நாற்பத்தைந்தை ஒட்டி. வேலை டேனரியிலோ ஷூ கம்பெனியிலோ. ஊருக்கு அவர் ‘ரெஸ்லிங் அண்ணன்’.

ரிமோட் கைக்கு வந்தால் சேனல் மாற்றமாட்டார். நேராக செட்டிங்ஸுக்குப் போவார். ஷார்ப்னஸைப் பூஜ்ஜியத்துக்கு இறக்குவார். மோஷன் ஸ்மூத்திங்கை அணைப்பார். கடைசியாக, அகலமாக இழுத்து வைத்திருக்கும் படத்தைப் பழைய நாலுக்கு மூன்று அளவுக்குக் கொண்டுவருவார். திரையின் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழும். வீட்டுக்காரம்மாவுக்கு வயிறு எரியும்.

“ஏம்ப்பா, நாப்பத்து மூணு இஞ்சு டிவிய தவணைல வாங்கிக்கினு, ரெண்டு பக்கமும் இருட்டா வெச்சிக்கவா? அந்தக் காச யாரு குடுக்கறது?”

“இழுத்து வெச்சா எல்லாருமே யோகோசுனா மாதிரி தெரியறாங்கக்கா.”

அந்தக் குண்டு மல்லன் யார் என்று எந்த அக்காவும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கு மத்தியானச் சோறு சாயங்காலம்தான்.

அண்ணனுக்கு இன்றைய மல்யுத்தத்தில் அக்கறை கிடையாது. ஜான் சீனாவையே அவர் புதுப் பையன் கணக்கில்தான் வைத்திருக்கிறார். அவருடைய உலகம் 1985-இல் முதல் ரெஸில்மேனியாவோடு தொடங்கி, 2002-இல் டபிள்யூ.டபிள்யூ.எஃப். என்ற பெயர் டபிள்யூ.டபிள்யூ.இ. ஆனதோடு முடிந்துபோனது. இந்தியாவில் அதன் ஒளிபரப்பு டென் ஸ்போர்ட்ஸ், சோனி என்று கை மாறி 2025 ஏப்ரலில் நெட்ஃபிளிக்ஸுக்கு வந்தபோது, அவர் செய்த ஒரே காரியம் பெங்களூரில் ஐ.டி. வேலையில் இருக்கும் அக்கா மகளுக்கு போன் போட்டு பாஸ்வேர்டு கேட்டது. “மாமா, சினிமா பாக்கப் போறியா?” என்றாள் அவள். “இல்லம்மா, செக் பண்ணணும்” என்றார்.

செக் பண்ணுவதுதான் அவர் பொழுதுபோக்கு. ஆப்பாக இருந்தாலும் டிவிடியாக இருந்தாலும், யூடியூபில் யாரோ ஏற்றிய துண்டாக இருந்தாலும், பழைய மேட்ச் ஒன்றைப் போட்டு, பாதியில் நிறுத்தி, திரைக்கு ஒரு முழம் தள்ளி நின்று, கண்ணை இடுக்கிக்கொண்டு ஹல்க் ஹோகனின் தோளைப் பார்ப்பார். யார் ஜெயித்தார்கள் என்பது அவருக்கு முப்பது வருடமாகத் தெரியும். தோள் எப்படி இருக்கிறது என்பதுதான் கேள்வி.

ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக் கடையில் இவரைச் சீண்டுவதற்கென்றே ஒரு கோஷ்டி உண்டு. சீரகச் சம்பாவும் கத்திரிக்காய்த் தொக்கும் இலையில் விழுந்தவுடன் ஒருவர் ஆரம்பிப்பார். “அதெல்லாம் செட்டிங்குபா. முன்னாடியே பேசி வெச்சிக்கினு அடிக்கிறானுங்க.” புதிதாக வந்தவர்கள் அண்ணன் கொதிப்பார் என்று எதிர்பார்ப்பார்கள். மாட்டார். செட்டிங்தான் என்று அவரே ஒப்புக்கொள்வார். வரியையும் விளையாட்டு வாரியத்தின் கெடுபிடியையும் தவிர்ப்பதற்காக, இது போட்டி அல்ல, வெறும் பொழுதுபோக்கு என்று 1989-லேயே நியூஜெர்சி மாநில அரசிடம் மல்யுத்தக் கம்பெனியே சொல்லிவிட்டதையும் எடுத்துக் கொடுப்பார். பிறகு எலும்பை ஓரமாக வைத்துவிட்டுத் தன் கொள்கையைச் சொல்வார்:

“சண்ட பொய்யா இருக்கலாம். படம் பொய்யா இருக்கக் கூடாது.”

இந்தக் கொள்கை அவருக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவேண்டுமானால் அவர் வேலை செய்யும் இடத்தைப் பார்க்கவேண்டும். அவர் தோலைத் தரம் பிரிக்கிறவர்; செலக்‌ஷன் என்பார்கள். மேசை மேல் வெளிச்சத்தில் தோலை விரித்து, உண்ணி கடித்த தழும்பு, முள்வேலிக் கீறல், மாட்டுக்கு வைத்த சூடு எல்லாவற்றையும் கண்ணாலும் விரலாலும் படிக்கிறவர். மடக்கிப் பார்ப்பார், மேல்பரப்பு தொளதொளவென்று சுருங்கினால் தள்ளிவிடுவார். குறை அதிகமான தோலை என்ன செய்வார்கள்? பஃபிங் மெஷினில் கொடுத்து மேல்பரப்பைத் தேய்த்து எடுத்துவிடுவார்கள். தழும்போடு இயற்கையான ரேகையும் போய்விடும். அதன் மேல் பூச்சு ஏற்றி, சூடான பிளேட்டை வைத்து அழுத்தி, செயற்கையாக ரேகை பதிப்பார்கள். கரெக்டட் கிரெய்ன் என்று அதற்குப் பெயர். பளபளப்பாக இருக்கும், ஒரு கீறல் தெரியாது, ஷூவாகி விலையும் போகும். அதில் தப்பொன்றும் இல்லை. அதை முழு ரேகைத் தோல் என்று சொல்லி விற்கிறவன்தான் அயோக்கியன்.

இப்போது ஹோகனின் தோள். பழைய டேப்பில் இருந்த புள்ளிகளை அழிக்கிறேன் என்று கம்ப்யூட்டர் தேய்க்கிறது. புள்ளியோடு வேர்வையும், மயிரும், கூட்டத்தில் மூன்றாம் வரிசைக்காரனின் முகமும் போய்விடுகின்றன. பிறகு ‘ஷார்ப்’ ஆக்குகிறேன் என்று இல்லாத ஓரங்களை வரைகிறது. “இன்னா பண்ணிகிறான் பாத்தியா? பஃபிங் அடிச்சி எம்பாஸ் போட்டுட்டான்” என்பார் அண்ணன். இந்த விஷயத்தில் அவரை அடிக்க ஆள் கிடையாது என்றே நினைக்கிறேன். படச் சுத்திகரிப்பைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் ஒருநாள் அந்த மேசையருகே வந்து நிற்கலாம்.

கடையில் யாராவது விவரமானவர் குறுக்கே கேட்பார். “1964-ல வந்த கர்ணன், 2012-ல டிஜிட்டல்ல எப்படி ஜம்முனு வந்துச்சு! இது ஏன் வராது?” அண்ணனுக்குப் பிடித்த கேள்வி இதுதான். கர்ணன் பிலிமில் எடுத்த படம். நெகட்டிவில் விவரம் இருக்கிறது. இன்றைய ஸ்கேனர் அதைத் தோண்டி எடுக்கும். மல்யுத்தமோ வீடியோ டேப்பில் பிடித்தது. அமெரிக்க முறையில் மொத்தமே 525 கோடு, அதிலும் படம் தெரிவது 480 சொச்சம். இன்றைய 4கே திரையில் மேலிருந்து கீழாக 2,160 கோடு. “நானூத்தி எம்பதுதான் நிஜம். மீதி ஆயிரத்தி அறுநூத்தி எம்பதும் மெஷின் உடற கப்சா.” 2008 ஜனவரியில்தான் மல்யுத்தக் கம்பெனி எச்.டி.க்கு மாறியது. அதற்கு முந்திய மேட்ச் எதையாவது எச்.டி. என்று யாராவது சொன்னால், அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

இதைவிடப் பெரிய பாவம் ஒன்று உண்டு: அகலத் திரையை நிரப்புவதற்காகப் படத்தின் தலையையும் காலையும் வெட்டுவது. சதுரத்தை ஒட்டிய பழைய படத்தை இன்றைய திரைக்கு வெட்டினால் உயரத்தில் கால்பங்கு போய்விடும். அதுவும் யார் உயரத்தில்? ஏழடி நாலங்குலம் என்று டிரம்ப் கார்டில் அச்சடித்திருந்த ஆன்ட்ரே த ஜயன்ட்டின் உயரத்தில்! 1987 மார்ச் 29 அன்று பாண்டியாக் சில்வர்டோம் அரங்கில் அவரை ஹோகன் தூக்கிப் போட்டார். வெட்டிய பிரதியில் ஹோகன் ஒரு முண்டத்தைத் தூக்குகிறார். அந்த டிரம்ப் கார்டுகளை அண்ணன் இன்னும் வைத்திருக்கிறார். உயரம், எடை, மார்பளவு, ரேங்க். பள்ளியில் கணக்குப் பாடத்தில் கோட்டைவிட்டாலும் இருநூறு பவுண்டுக்கு எத்தனை கிலோ என்பது மட்டும் தூக்கத்தில் கேட்டாலும் வரும்.

அப்புறம் பாண்டா கரடி. பாண்டாவைச் சின்னமாகக் கொண்ட உலக வனவிலங்கு நிதியம் என்ற அமைப்பும் டபிள்யூ.டபிள்யூ.எஃப். என்ற அதே மூன்று எழுத்துகளை வைத்திருந்ததால் வழக்குப் போட்டு ஜெயித்தது. 2002-இல் மல்யுத்தக் கம்பெனி பெயரை மாற்றிக்கொண்டது. பத்து வருடம் கழித்து 2012-இல் சமரசம் ஆகும்வரை, பழைய படங்களில் இருந்த அந்த எழுத்துச் சின்னத்தை மங்கலாக்கிக்கொண்டிருந்தார்கள். அண்டர்டேக்கராலும் அசைக்க முடியாத கம்பெனியை மூங்கில் தின்கிற ஒரு பிராணி மண்ணைக் கவ்வ வைத்தது என்பதை அண்ணனால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை. வேலூரில் எங்காவது பாண்டா படம் போட்ட ஸ்கூல் பையைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

எல்லாம் சரி. ஆனால் இவ்வளவு பேசுகிற அண்ணன் அன்றைக்கு அந்த மேட்சுகளை எப்படிப் பார்த்தார்? இதைத்தான் யாரும் கேட்பதில்லை. அமெரிக்காவின் 525 கோடு இந்தியாவின் 625 கோடாக மாறியபோதே படம் கொஞ்சம் குழைந்தது. பிறகு செயற்கைக்கோள், கேபிள்காரரின் மொட்டை மாடி டிஷ், அங்கிருந்து தென்னை மரத்திலும் கரண்ட் கம்பத்திலும் தொங்கித் தொங்கி வந்த ஒயர், வழியில் இரண்டு ஆம்ப்ளிஃபயர், கடைசியாகப் பக்கத்து வீட்டு சாலிடேர் டிவி. திரை முழுக்கக் கொசு பறக்கும். ஒவ்வொரு மல்லனுக்கும் வலப்பக்கம் ஓர் ஆவி நிற்கும். கீழே ஜவுளிக்கடை விளம்பரமும் காதுகுத்து வாழ்த்தும் ஓடிக்கொண்டிருக்கும். வீட்டுக்குள் உட்கார்ந்தவர்கள் போக, ஜன்னலுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தவர்களும் உண்டு. இந்தப் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் தண்ணீர் இல்லாத பாலாற்று மணலில் சின்னப் பையன்கள் ஒருவரையொருவர் தலைகீழாக நட்டார்கள்.

அந்த மோசமான படம் செய்த வேலை லேசுப்பட்டதல்ல. அண்டர்டேக்கருக்கு ஏழு உயிர் என்று ஊரே நம்பியது நினைவிருக்கும். 1994 ஜனவரியில் யோகோசுனா தலைமையில் ஒரு கும்பல் அவரைச் சவப்பெட்டியில் தள்ளி மூடியது. திரையில் அவர் உருவம் மேலே எழும்பிப் போனது. செத்துவிட்டார் என்று அழுத பிள்ளைகளை எனக்குத் தெரியும். அதே வருடம் ஆகஸ்ட் 29, சிகாகோவில் சம்மர்ஸ்லாம். எதிரே வந்து நிற்பதும் அண்டர்டேக்கர், இந்தப் பக்கமும் அண்டர்டேக்கர். போலி ஆள் பிரையன் லீ. நல்ல பிரதியில் பார்த்தால் முதல் நிமிடத்திலேயே சாயம் வெளுத்துவிடும். ஆள் கொஞ்சம் குட்டை, நடையில் அந்தக் கனம் இல்லை. ஆம்பூர் கேபிளில் அப்படியா? கொசுவுக்கு நடுவில் இரண்டு கறுப்புத் தொப்பி, ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆவி, ஆக மொத்தம் நான்கு அண்டர்டேக்கர். அந்த நான்கில் எது நிஜம் என்று தெரு இரண்டாகப் பிரிந்தது. இரண்டு வருடம் கழித்து அதே பிரையன் லீ ‘கிலாடியோன் கா கிலாடி’ என்ற இந்திப் படத்தில் அண்டர்டேக்கராக வந்து அக்‌ஷய் குமாரிடம் அடி வாங்கியபோது, வாணியம்பாடியில் பலருக்கு அக்‌ஷய் மேல் தனி மரியாதையே வந்தது. மாயத்தில் பாதியை எழுதிக் கொடுத்தவர்கள் அமெரிக்காவில் இருந்தார்கள். மீதிப் பாதியைக் கேபிள்காரரின் ஒயர் செய்தது. நல்ல பிரிண்ட் வேண்டும் என்று அண்ணன் கேட்பது, எனக்கென்னவோ, தன் பால்யத்துக்கு எதிராகத் தானே சாட்சி சொல்வதாகத்தான் படுகிறது. இதை அவரிடம் சொன்னேன். “அப்ப எனக்குத் தெரியாது, நம்பினேன். இப்பத் தெரியும். தெரிஞ்சவன்கிட்ட ஏன் மறைக்கணும்?” என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை. தோலைத் திருப்பிப் பார்க்கிறவரிடம் வாயைக் கொடுக்கக் கூடாது.

இவரையும் மிஞ்சியவர் இவர் அப்பா. தாராசிங், கிங்காங் காலத்து ஆள். அந்தச் சண்டையை நேரிலேயே பார்த்ததாகச் சொல்வார்; எந்த ஊரில் என்பது மட்டும் சொல்லும்போதெல்லாம் மாறும். ஒருமுறை மெட்ராஸ், ஒருமுறை பெங்களூர், ஒருமுறை வேலூர் கோட்டை மைதானம். “எங்க சண்டைக்கெல்லாம் டேப்பே கெடையாதுடா. யாரு வெட்டுவான், யாரு மங்கலாக்குவான்?” என்று மகனைப் பார்த்துச் சிரிப்பார். மகனிடம் இதற்குத் தொழில்நுட்ப ரீதியாகப் பதில் இல்லை.

அண்ணனிடம் ஒரு கேசட் இருக்கிறது. துபாயிலிருந்து வந்த கேசட்டின் நகலுக்கு நகல். 1991 ஆகஸ்ட் 26, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன், சம்மர்ஸ்லாம். அதன் உச்சக்காட்சி ஒரு கல்யாணம்: மாச்சோ மேன் ராண்டி சாவேஜ், மிஸ் எலிசபெத். இருவரும் 1984-லேயே நிஜமாகக் கல்யாணம் செய்துகொண்டவர்கள் என்பது வேறு விஷயம். கேசட்டில் பூஞ்சை பிடிக்கத் தொடங்கியதும், பழைய கல்யாண வீடியோக்களைப் பென் டிரைவில் மாற்றித் தருகிற ஸ்டூடியோவுக்கு எடுத்துக்கொண்டு ஓடினார். கடைப் பையன் ரசீதுப் புத்தகத்தைத் திறந்தான்.

“பொண்ணு, மாப்ள பேரு?”

“ராண்டி. எலிசபெத்.”

“சர்ச்சு கல்யாணமாண்ணா?”

“ஸ்டேடியம்.”

பையன் நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதிக்கொண்டான். “டைட்டில் போட்டு, பேக்ரவுண்டுல ஹார்ட்டு பறக்க வுட்டு, ஏ.ஐ.ல க்ளீன் பண்ணி எச்.டி. ஆக்கித் தரவா? முந்நூறு ரூபா எக்ஸ்ட்ரா.”

“கைய வெச்சின்னா கெட்ட கோவம் வரும். இருக்கறது இருக்கறபடி வரணும்.”

மறுநாள் காலையில் பையனே போன் செய்தான். குரலில் கொஞ்சம் நடுக்கம்.

“அண்ணா, கல்யாணம் நல்லாத்தான் போச்சு. ஆனா ரிசப்ஷன்ல பொண்ணு கிஃப்ட் பெட்டியத் தொறந்தா உள்ள பாம்பு கீதுண்ணா. அப்பால கறுப்பு கோட்டு போட்டவன் ஒருத்தன் வந்து மாப்ளய சொம்பால அடிக்கிறான். குடும்பத்துல எதுனா பிரச்னைன்னா சொல்லுங்க, அந்த எடத்த மட்டும் கட் பண்ணிடறேன்.”

“தம்பி,” என்றார் அண்ணன், “அந்த எடத்துக்காகத்தான் காசே குடுக்கறேன்.”