மிளகு இங்கே, பேனா அங்கே

அரசியல் சாசனம் விவசாயத்தை மாநிலப் பட்டியலில் பத்திரமாக எழுதி வைத்திருக்கிறது. கூடவே 253-ஆவது பிரிவு என்று ஒரு கொல்லைக் கதவும் உண்டு: வெளிநாட்டு ஒப்பந்தம் என்றால் நாடாளுமன்றம் எந்தப் பட்டியலுக்குள்ளும் நுழையலாம்.

2009 ஆகஸ்டில், தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானோடு இந்தியா செய்த தடையற்ற வர்த்தக ஒப்பந்தத்துக்கு பாங்காக்கில் கையெழுத்து விழுந்தது. மிளகு, தேயிலை, காபி விலை என்னாகுமோ என்று பதறிய கேரளத்திடம் யாரும் பேனாவை நீட்டவில்லை. அக்டோபர் 2 அன்று இடது முன்னணியினர் காசர்கோட்டிலிருந்து திருவனந்தபுரம் வரை கைகோத்து நின்றார்கள். பேனா கிடைக்காத கைகள் வேறென்ன செய்யும்? 2010 ஜனவரி 1 அன்று ஒப்பந்தம் அமலுக்கு வந்துவிட்டது.

பெல்ஜியத்தில் வேறு கூத்து; அங்கே இப்படிப்பட்ட ஒப்பந்தத்துக்குப் பிராந்தியங்களின் சம்மதமும் வேண்டும். 2016 அக்டோபரில் வலோனியா பிராந்தியம் தலையாட்ட மறுக்க, ஐரோப்பிய ஒன்றியம்-கனடா வர்த்தக ஒப்பந்தக் கையெழுத்தே தள்ளிப்போனது; கனடா பிரதமரின் பயணமும்தான். வலோனியாவின் மக்கள்தொகை சுமார் 36 லட்சம். கேரளத்துக்கு 2011 கணக்கில் 3.34 கோடி.