மேலதிகப் பரிந்துரைக் கடித விசாரம்

அமெரிக்க தேசத்துக் கல்லூரிகளில் இடம் வேண்டும் மாணாக்கன், கேட்ட கடிதங்கள் இரண்டிருக்கக் கேளாத கடிதங்கள் எட்டினையும் சேர்த்து அனுப்புவது எற்றுக்கு என்னும் வினா, உலகத்தாரால் அற்பமெனத் தள்ளப்படினும், எம்மனோர் பல்லாண்டு ஆராய்ந்து மேலும் சிக்கலாக்கத் தக்க பெருமை வாய்ந்தது.

பாயிரம் உரைத்தற்கு உரியார் ஆசிரியன், உடன்கற்றோன், மாணாக்கன், உரைகாரன் என நால்வர் என்றார் நன்னூலார். தொல்காப்பியத்துக்குப் பாயிரம் செய்த பனம்பாரனார் தொல்காப்பியரோடு ஒருங்கு பயின்றவர் என்பது மரபு. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் கணிதமோ விஞ்ஞானமோ கற்பித்தவர் ஒருவர், மொழியோ சமூகவியலோ கற்பித்தவர் ஒருவர் ஆக ஆசிரியர் இருவரின் கடிதம் கேட்கிறது; டார்ட்மத் கல்லூரியோ உடன்கற்றோன் கடிதத்தையும் விரும்பி வரவேற்கிறது. எனவே டார்ட்மத்தார் நன்னூல் பயின்றவரே என ஆராய்ச்சி நண்பரொருவர் முடிவு கட்டிவிட்டார். பிரமாணம் ஒன்றே பாக்கி.

இனி, கேளாக் கடிதங்களின் வகை. அத்தை எழுதியது ஆராய்ச்சிக்கு உரியதன்று. பயிற்சியாளர் எழுதியது, ஆசிரியர் காணாத ஒன்றை அவர் கண்டிருந்தால் கொள்ளத்தகும்.

செனட்டர் எழுதியதே விரிவாக நோக்கற்பாலது. தங்கமுத்திரை பொறித்த கெட்டித் தாளில் மூன்று பத்திகள். முதலிரண்டும் செனட்டரின் தேச சேவையைக் கூற, மூன்றாவதில் பையன் பெயர், ஓரெழுத்துப் பிழையோடு, ஒருமுறை வரும். செனட்டருக்கும் அவனுக்கும் உள்ள பரிச்சயம் யாது? விழா மேடையில் கைகுலுக்கியதே என்பர் ஒருசாரார். கரையான் தின்றது போக எஞ்சிய ஏடொன்றின் பின்புறத்து ஓரக்குறிப்போ, அவன் ஒரு கோடை முழுதும் அவர் காரியாலயத்தில் தபால் தலை ஒட்டினான் என்கிறது. அக்குறிப்புக்கு எழுந்த விருத்தியுரையின் மறுப்புரை, ஒட்டியவன் அவன் தமையன் என்கிறது. அம்மறுப்பைக் கரையானே தின்றுவிட்டபடியால், அதனை மேற்கோள் காட்டுவோர் தொகை நாளும் பெருகி வருகிறது. வெஸ்ட் பாயிண்ட், அன்னாபொலிஸ் முதலிய படைக்கல்லூரிகளில் சேரக் காங்கிரஸ் அங்கத்தினரின் நியமனம் பெறுவதே வழக்கமான வழி. அவ்விதியை எல்லாக் கல்லூரிக்கும் நீட்டுவது அதிவியாப்தி என்னும் தோஷமாம்.

1974-ஆம் ஆண்டுச் சட்டம், கல்லூரியில் சேர்ந்த பின் தன் கடிதங்களைப் பார்வையிட மாணாக்கனுக்கு உரிமை தருகிறது. விண்ணப்பப் படிவமோ அவ்வுரிமையை விட்டுக்கொடுக்கிறாயா என்று வினவ, பெரும்பாலோர் விட்டுக்கொடுக்கின்றனர். ஆகையால் தன் பெயர் பிழைபட்டதை அவன் அறியான்.

கோப்பு தடித்தால் பிள்ளையின் புத்தியும் தடிப்பு என்பது அந்நாட்டுச் சேர்க்கை அதிகாரிகளிடையே வழங்கும் பழமொழி. நம் பண்டிதர்கள் இதனை ஒப்பார். நாற்பது பக்க நூலுக்கு அணிந்துரை, வாழ்த்துரை, ஆசியுரை, மதிப்புரை என அறுபது பக்கம் சேர்த்தவர்க்கு அது எங்ஙனம் உடன்பாடாகும்? அவ்வதிகாரிகள் நம் நூல்களைக் கண்டதில்லை என்பது மட்டும் தெளிவு.

கேட்டதை அனுப்புக, புதுச்செய்தி கூறவல்லார் ஒருவர் இருந்து, கல்லூரியும் இடங்கொடுத்தால், அவர் கடிதம் ஒன்றைக் கூட்டுக, விண்ணப்பத்தோடு கடிதமே வேண்டா என்னும் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துக்கு ஒன்றும் அனுப்பற்க. இவ்வாராய்ச்சியைப் பாராட்டி எழுத விழையும் அன்பர்கள் ஆளுக்கொரு கடிதத்தோடு நிறுத்திக்கொள்வார்களாக.