தற்றேடலும் தற்கொடையும்: ஓர் ஆய்வு

வலைத்தளம் வைத்திருக்கும் வணிகரிடையே இரு சடங்குகள் வழங்கி வருகின்றன. தன் கடையின் பெயரைத் தானே கூகுளில் அடித்து எத்தனையாவதாக வருகிறது என்று பார்ப்பது ஒன்று. தளத்தில் பேமென்ட் கேட்வே இணைத்த அன்று தன் கடைக்குத் தானே ஒரு ரூபாய் கட்டிப் பார்ப்பது மற்றொன்று. முன்னதைத் தற்றேடல் என்றும் பின்னதைத் தற்கொடை என்றும் இவ்வாய்வு குறிக்கும். பெயர் சூட்டாத பொருளை ஆராய்ந்தால் பல்கலைக்கழகங்கள் ஏற்பதில்லை.

ஆய்வின் எல்லை கோவில்பட்டி. 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற கடலைமிட்டாயை இணையத்தில் விற்க முனையும் ஓர் அண்ணாச்சி இதன் நாயகர். அவர் கற்பனை மாந்தர். ஆனால் அவரைப் பார்த்ததில்லை என்று எவரும் சொல்ல முடியாது. அமெரிக்க வணிகரிடமும் இச்சடங்குகள் உண்டு. விசா கிடைக்காமையால் அவர்கள் சேர்க்கப்படவில்லை.

முன்னாய்வு என்று பார்த்தால், 1998-இல் ஸ்டான்ஃபோர்டு மாணவர்களாக இருந்த செர்கே பிரின், லாரி பேஜ் இருவரும் எழுதிய கட்டுரையைத்தான் சொல்ல வேண்டும். ஒரு பக்கத்தின் மதிப்பு அது தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வதில் இல்லை, அதை எவரெவர் சுட்டுகிறார்கள் என்பதில் உள்ளது என்பது அதன் சாரம். இது ஆராய்ச்சி உலகிலிருந்து வந்த சரக்கு. எந்த ஆய்வுக் கட்டுரையை எத்தனை பேர் மேற்கோள் காட்டினர் என்று எண்ணும் அட்டவணையை யூஜின் கார்ஃபீல்டு 1964-இலேயே வெளியிட்டுவிட்டார். பேராசிரியர்கள் தம் கட்டுரையில் தம் பழைய கட்டுரைகளையே மேற்கோள் காட்டிக்கொள்ளும் வழக்கமும் அறிஞர் அறிந்ததே. ஆகவே தற்றேடல் கடைத்தெருவில் தோன்றியது என்பார் கூற்று பொருந்தாது. அது பிறந்த வீடு பல்கலைக்கழகம்.

பிரின், பேஜ் கட்டுரையில் ஒரு மனிதர் நடமாடுகிறார். வேலை வெட்டி இல்லாமல் கண்ணில் பட்ட இணைப்பையெல்லாம் சொடுக்கிக்கொண்டே போவார். பின்பொத்தானை அழுத்தவே மாட்டார். நூற்றுக்குப் பதினைந்து முறை சலிப்பு வந்து சம்பந்தமில்லாத வேறொரு பக்கத்துக்குத் தாவிவிடுவார். இவர் எங்கே அதிகம் தென்படுகிறாரோ அப்பக்கமே உயர்ந்தது. உலக வணிகத்தின் தலைவிதியை இப்படிப்பட்ட ஒருவரிடம் ஒப்படைத்தது சரியா என்ற கேள்வியை இவ்வாய்வு எழுப்பாது. நம் ஊர்த் திண்ணைகளில் இவரைவிடத் தகுதியானவர்கள் இருந்தார்கள் என்பதை மட்டும் பதிவு செய்கிறது.

இனித் தற்றேடலின் இயல்பு. அண்ணாச்சி கடையில் உட்கார்ந்து, தன் செல்பேசியில், ஏற்கெனவே நூறு முறை திறந்த தன் தளத்தை மீண்டும் தேடுகிறார். தேடுபவர் எங்கிருந்து தேடுகிறார் என்பதைக் கூகுள் கணக்கில் எடுத்துக்கொள்ளும். முன்பு என்னென்ன தேடினார் என்பதைக் கொண்டு முடிவுகளை மாற்றித் தரும் ஏற்பாட்டையும் 2009 டிசம்பரில் எல்லாருக்கும் விரித்துவிட்டது. அண்ணாச்சிக்கு அண்ணாச்சி கடைதான் முதலில் வரும். வராவிட்டால்தான் ஆய்வு செய்ய வேண்டும். மகிழ்ந்துபோய் ஓசூரில் இருக்கும் மருமகனை அழைக்கிறார்.

“மாமா, இங்க வரலையே.”

“நல்லாப் பாருங்க மாப்ள.”

“ரெண்டாம் பக்கமும் பாத்துட்டேன் மாமா.”

மருமகன் மேல் மனவருத்தம் உண்டாவது இக்கட்டத்தில்தான். இன்காக்னிட்டோவில் தேடினால் மெய் புலப்படும் என்று கூறுவாரும் உளர். அது பொருந்தாது. அது பழைய வரலாற்றைத்தான் மறைக்கும். கோவில்பட்டி கோவில்பட்டியாகவே இருக்கும்.

தற்றேடலால் தரவரிசை உண்மையாகவே உயர்ந்த ஒரு பொற்காலமும் இருந்தது. 1996-இல் தொடங்கி 1999-இல் அமேசான் கைக்குப் போன அலெக்ஸா என்னும் நிறுவனம் உலகத் தளங்களுக்கெல்லாம் வரிசை எண் கொடுத்து வந்தது. அவ்வெண் வெகுகாலம், அந்நிறுவனத்தின் கருவிப்பட்டையைத் தம் உலாவியில் பொருத்தியிருந்தவர்களின் நடமாட்டத்தைக் கொண்டு கணிக்கப்பட்டது. அதைப் பொருத்தும் அளவு அக்கறை யாருக்கு இருக்கும்? தம் வரிசை எண்ணைப் பார்க்க விரும்பும் தள உரிமையாளர்க்கு. அவர் தம் எண்ணைப் பார்க்கத் தம் தளத்துக்குத் தினமும் போனார். போகப் போக எண் முன்னேறியது. முன்னேறுகிறதே என்று மேலும் போனார். இத்துணைத் தூய சுழற்சி பொருளியலில் வேறெங்கும் இல்லை. 2022 மே 1-ஆம் நாள் அமேசான் இச்சேவையை மூடிவிட்டது. இரங்கற்கூட்டம் எதுவும் நடந்ததாகத் தெரியவில்லை.

இன்றைய கருவிகள் இன்னும் நுட்பமானவை. கூகுள் இலவசமாகத் தரும் சர்ச் கன்சோல், உங்கள் தளத்தின் சராசரி இடம் 3.7 என்று சொல்லும். மூன்றாமவர் தோளுக்கும் நான்காமவர் தலைக்கும் நடுவே எங்கே நிற்பது என்று அது சொல்லாது. தனியார் கருவிகள் தளத்துக்கு நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுகின்றன. அம்மதிப்பெண்ணைத் தான் பார்ப்பதே இல்லை என்கிறது கூகுள். ஆயினும் பதினெட்டிலிருந்து இருபத்திரண்டுக்கு உயர்த்தித் தருகிறோம் என்று மாதக் கட்டணம் கேட்டு அண்ணாச்சிக்கு அழைப்பு வந்தவண்ணம் உள்ளது. தேர்வு நடத்தாத பள்ளிக்கு டியூஷன் எடுப்பது இதுதான்.

தற்கொடைக்கு வருவோம். அதற்கொரு முன்கதை உண்டு. பக்கம் கிடைக்கவில்லை என்று சொல்லும் 404 என்ற எண்ணை அறியாதார் இல்லை. அதற்கு இரண்டு வீடு முன்னால் 402 என்று ஓர் எண் உள்ளது. காசு கட்டினால்தான் உள்ளே விடுவோம் என்பது அதன் பொருள். 1997-இல் வெளியான இணைய நெறிமுறை ஆவணத்தில் பிற்காலப் பயன்பாட்டுக்கென்று அதை ஒதுக்கி வைத்தார்கள். 2022-இல் அந்நெறிமுறையைத் திருத்தி எழுதியபோதும் பிற்காலப் பயன்பாட்டுக்கென்றே எழுதினார்கள். இணையத்தைக் கட்டியவர்கள் கல்லாப்பெட்டிக்கு அறை கட்டிப் பூட்டிச் சாவியை எங்கோ வைத்துவிட்டார்கள். அதனால்தான் கேட்வே என்று ஒன்றை வெளியிலிருந்து வாங்கி ஒட்ட வேண்டியிருக்கிறது.

ஒட்டுவதற்கு பான் அட்டை, வங்கிக் கணக்கு, கேன்சல்டு செக் வேண்டும். தளத்தில் விதிமுறை, தனியுரிமை, ரீஃபண்டு என்று தனித்தனிப் பக்கங்களும் இருக்க வேண்டும் என்பார்கள். அண்ணாச்சியின் தளத்தைச் செய்த தம்பி அவற்றை எங்கிருந்தோ எடுத்து ஒட்டினார். ஆகவே அக்கடையில் கடலைமிட்டாய் வாங்குவோர் அறைக்கு வந்து சேரும் நேரத்துக்கு 24 மணி முன்னரே ரத்து செய்தால்தான் முழுப் பணம் திரும்பும். கேஒய்சி என்னும் அடையாளச் சரிபார்ப்பு தேறிவிட்டது, யாரும் படிக்கவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா.

சோதனைக்கென்றே பொய் அட்டை எண்களைக் கேட்வேக்காரர்கள் தருகிறார்கள். ஒரு நாலும் பதினைந்து ஒன்றுகளும் கொண்ட 4111 1111 1111 1111 அவற்றுள் புகழ்பெற்றது. அண்ணாச்சி மனம் அதில் அடங்காது. சொந்த அட்டையை எடுத்து, ஓடிபி போட்டு, ஒரு ரூபாய் கட்டுவார். அட்டை என்றால் பொதுவாக நூற்றுக்கு இரண்டு கட்டணம். ஒரு ரூபாய்க்கு இரண்டு பைசா. 25 பைசா வரையிலான நாணயங்கள் 2011 ஜூன் 30 முதல் செல்லாமற் போன நாட்டில் இத்தொகையைக் கையில் எண்ணித் தர வழியில்லை. கணக்கில் மட்டும் உலவுகிறது. மீதி, ஓரிரு வேலைநாள் ஊர் சுற்றிவிட்டு அவர் கணக்குக்கே வந்து சேரும். தன் சட்டைப்பையிலிருந்து தன் மடிக்கு வந்த காசைப் பார்த்து அவர் அடையும் இன்பம், பின்னர் வரும் உண்மையான விற்பனையில் கிட்டுவதில்லை என்பது என் துணிபு.

இரு சடங்குகளும் ஒன்றாகும் இடம் விளம்பரம். தேடல் முடிவின் தலையில் காசு கொடுத்து நிற்கும் தன் விளம்பரத்தை, வருகிறதா என்று அண்ணாச்சி தானே சொடுக்கிப் பார்ப்பார். ஒரே சொடுக்கில் தேடலும் கொடையும் நிறைவேறுகின்றன. இத்தகைய வீண் சொடுக்குகளை வடிகட்டுவதாகக் கூகுள் சொல்கிறது. எத்தனை அண்ணாச்சிகளை வடிகட்ட முடியும்? விளம்பரக் காசில் வாழும் தேடுபொறி விளம்பரக்காரர் பக்கமே சாயும் என்று அந்த 1998 கட்டுரையே எச்சரித்திருந்தது. ஈராண்டில், 2000-இல், எழுதியவர்களே விளம்பரக் கடை திறந்தார்கள்.

‘அப்படியானால் வாங்குபவர் எவ்வழி வருகிறார்?’ என்பது தடை. விடை: வாட்ஸ்அப் வழி. யாரோ ஒருவர் திருமணத்தில் மிட்டாய் தின்று, எண் கேட்டு வாங்கி, “ஜிபே நம்பர் இதானா அண்ணாச்சி?” என்கிறார். 2016-இல் வந்த யுபிஐக்கு 2020 ஜனவரி முதல் வணிகரிடம் கட்டணம் பிடிக்கக்கூடாது என்பது விதி. ஆகவே தரவரிசையும் வேண்டியிருக்கவில்லை, கேட்வேயும் வேண்டியிருக்கவில்லை.

எனினும் இரண்டையும் விட்டுவிடுக என்று சொல்ல இவ்வாய்வு துணியவில்லை. செய்வதானால் சரியாகச் செய்யுங்கள். தேடுவதை வெளியூர்க்காரரிடம் விடுங்கள். அவர் கடைப்பெயரை அடிக்காமல் பண்டத்தின் பெயரை அடிக்கட்டும். ஒரு ரூபாயை, சிக்னல் சரியில்லாத இடத்தில் நின்று, வேறொருவர் செல்பேசியிலிருந்து கட்டுங்கள். காசு கழிந்ததும் ‘நன்றி’ பக்கம் வருமுன் உலாவியை மூடிவிடுங்கள். அதன்பிறகும் உங்கள் தளத்தில் ஆர்டர் பதிவாகியிருந்தால் கேட்வே ஒழுங்காக இணைக்கப்பட்டிருக்கிறது. பதிவாகாவிட்டால் தளம் செய்த தம்பியை இன்றே கூப்பிடுங்கள். வாடிக்கையாளர் அந்தச் சோதனையை முழுத் தொகையில் செய்வார்.