வாட் வைத்தியர்

ஒவ்வொரு அலுவலகத்திலும் இவர் ஒருவர் இருப்பார். சம்பளம் வாங்குவது கணக்குப் பிரிவில். மனசு குடியிருப்பது சென்னை ரிச்சி தெருவில். பக்கத்து மேஜைக் கம்ப்யூட்டர் ஒரு தடவை ஹேங் ஆனால் போதும், இவருக்கு மூக்கில் வியர்த்துவிடும். எழுந்து வந்து, கேபினெட்டின் பின்புறம் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடி நாடி பார்ப்பார்.

"எஸ்.எம்.பி.எஸ். வீக்கா இருக்கு மேடம்."

"எக்செல் ஃபைல் திறக்க லேட்டாகுது, அவ்வளவுதான் சார்."

"அதான் சொல்றேன். கரண்ட் பத்தல. ஆயிரம் வாட் போடுங்க, பறக்கும்."

பறக்காது. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டை 12, 5, 3.3 வோல்ட்டாக இறக்கிக் கொடுப்பதுதான் எஸ்.எம்.பி.எஸ். என்ற அந்தப் பெட்டியின் வேலை. 1000 வாட் என்பது கேட்டால் கொடுக்கக்கூடிய உச்சம். கேட்காமல் உள்ளே தள்ளும் அளவு அல்ல. எக்செல்லும் டேலியும் ஓடும் கம்ப்யூட்டர் நூறு வாட்டைத் தொடுவதே அபூர்வம். இவ்வளவு குறைந்த சுமையில் பெரிய எஸ்.எம்.பி.எஸ்.ஸின் திறன் இன்னும் சரியும் என்பதையெல்லாம் வைத்தியரிடம் சொல்லக் கூடாது. சொன்னால் அடுத்த மருந்தாக யூ.பி.எஸ்.ஸையும் மாற்றச் சொல்வார். அதற்கு ஒரு நியாயமும் கிடைத்துவிடும்: மேஜைக்கு அடியில் இருக்கும் 600 வி.ஏ. யூ.பி.எஸ். 350 வாட்டைத் தாண்டினாலே கூவ ஆரம்பித்துவிடும் அல்லவா!

இவருடைய சோதனைக்கூடம் சட்டைப் பையிலேயே இருக்கிறது. ஒரு ஜெம் கிளிப். எஸ்.எம்.பி.எஸ்.ஸைக் கழற்றி, பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் கிளிப்பால் இணைப்பார். ஃபேன் சுற்றாவிட்டால், "போயிடுச்சு." சுற்றினால், "சுத்துது, ஆனா உயிர் இல்ல." இரண்டுக்கும் சிகிச்சை ஒன்றே.

அடுத்தது எடை. கையில் தூக்கிப் பார்த்து, "பஞ்சு மாதிரி இருக்கு" என்று உதட்டைப் பிதுக்குவார். இதில் மட்டும் அவரை முழுக்கக் கேலி செய்ய முடியவில்லை. ஸ்டிக்கரில் 450 வாட் என்று அச்சடித்து, உள்ளே வெப்பத் தகட்டையும் வடிகட்டும் பாகங்களையும் குறைத்துவிட்ட மலிவுச் சரக்கு நிஜமாகவே லேசாகத்தான் இருக்கும். சாகும்போது போர்டையும் உடன் அழைத்துக்கொண்டு போகக்கூடிய சாதி அது. அதை மாற்றத்தான் வேண்டும். கெப்பாசிட்டர் உப்பியிருந்தாலும், தனி ஒயர் கேட்கிற பெரிய கிராபிக்ஸ் கார்டு வாங்கினாலும் அப்படியே. ஆனால் கேம் ஆடத் தொடங்கினால் அணைந்துவிடும் கம்ப்யூட்டரோடு தபால் பிரிவுத் தம்பி நிஜமாகவே வந்து நின்றபோது வைத்தியர் என்ன சொன்னார் தெரியுமா? "ராமைக் கழட்டி, அழிரப்பர் போட்டுத் தேய், சரியாயிடும்."

கடைசி அஸ்திரம், மிச்சம். '80 பிளஸ்' என்ற தரமுத்திரை 2004-இல் வந்தது. பிறகு வெண்கலம், வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்று நகைக்கடையாக வளர்ந்தது. தங்க முத்திரை என்றால் பாதிச் சுமையில் 90 சதவீதத்துக்குக் குறையாத திறன். "கரண்ட் பில் பாதியாயிடும்!" என்று அட்சய திருதியை உற்சாகத்தோடு சொல்வார்.

ஒரு மத்தியானம் மேடம் அவர் எதிரிலேயே கணக்குப் போட்டார். உள்ளே தேவை 100 வாட். 80 சதவீதத் திறனில் சுவரிலிருந்து இழுப்பது 125; அவர் சொல்கிற 90 கிடைத்தாலும் 111. மிச்சம் 14 வாட். தினம் 6 மணி நேரம், வருடம் 300 நாள். சுமார் 25 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்றாலும் வருடத்துக்கு 200 ரூபாய். பத்தாயிரம் ரூபாய்ச் சரக்கு அசலை எடுக்க 50 வருடம்.

"எனக்கு ரிட்டயர்மென்ட்டுக்கு நாலு வருஷம்தான் சார் இருக்கு."

வைத்தியர் ஜெம் கிளிப்பைப் பையில் போட்டுக்கொண்டார்.

"இவ்வளவு கணக்கு மனசுலயே போடுறீங்க. உங்களுக்கு எதுக்கு மேடம் கம்ப்யூட்டர்?"